விளம்பர யூசுப் ஊரை அளந்தது

கடலூர் முதுநகரில் முஹம்மது யூசுபைப் பார்க்காதவர்கள்கூட அவன் குரலைக் கேட்டிருப்பார்கள். டாக்கீஸில் படம் மாறும் நாளில், ஒற்றை மாட்டு வண்டியின் இரண்டு பக்கமும் தட்டியில் போஸ்டரை ஒட்டிக் கட்டிக்கொண்டு, தகரக் குழாயை வாயில் வைத்து, துறைமுகத்திலிருந்து ஜங்ஷன் வரைக்கும் தெருத் தெருவாகப் போவான். காணாமல் போன பிள்ளை, தர்காவில் கந்தூரி, நகராட்சியின் வரி அறிவிப்பு எல்லாம் அவன் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போய்ச் சேரும். ஒரு வருஷம் காலரா ஊசிக்கு அவன் கூவினபோது, வந்த கூட்டத்துக்கு மருந்து போதாமல் போய்விட்டது. சினிமாவுக்குக் கூப்பிடுகிற அதே குரலில் ஊசிக்கும் கூப்பிட்டிருந்தான். ஜனங்கள் குழந்தை குட்டியோடு, சிலர் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள்.

குழாயைக் கீழே வைத்த பிறகும் அவன் வாய் ஓயாது. டீக்கடையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவன் அழுத முகத்தோடு வந்திருந்தாலும் சிரித்துக்கொண்டுதான் எழுந்திருப்பான். அதில் யூசுபுக்கு ஒரு பெருமை உண்டு. ஆளைச் சிரிக்க வைக்காமல் அனுப்பினால் அன்றைக்கு என்னவோ வேலை பாக்கி இருக்கிற மாதிரி அவனுக்குத் தோன்றும்.

அறுபத்து மூன்றாம் வருஷக் கோடையில், அந்த டீக்கடைக்கு அவனைத் தேடிக்கொண்டு ஒருவர் வந்தார். பெயர் தில்லைநாதன். சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறவர். ஒல்லியான மனிதர், முப்பது வயதுகூட இருக்காது.

"கடலூர், சிதம்பரம், ரெண்டு நகராட்சியிலும் சனங்க எப்படி வாழறாங்கன்னு அளந்து பாக்கப் போறோம்" என்றார். "வீடு வீடாப் போய்க் கேக்க ஆள் வேணும். முதுநகர்ல உங்களைப் பாத்தா எந்தக் கதவும் திறக்கும்னு சொன்னாங்க."

"கதவு தெறக்கும் சார். மூடறதுதான் கஷ்டம், நான் கெளம்ப மாட்டேன்" என்றான் யூசுப். "அது சரி, எப்படி வாழறாங்கன்னு எதால சார் அளப்பீங்க? படியா, மொழக்கோலா?"

தில்லைநாதன் சிரித்தார். குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, தண்ணீர் எப்போது வருகிறது, தெருவிளக்கு எரிகிறதா, கக்கூஸ் உண்டா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகிறார்கள் என்றெல்லாம் கேள்விகள் வைத்திருந்தார். கடைசியில் ஒரு அட்டையை எடுத்தார். அதில் பத்துப் படி வைத்த ஏணி வரைந்திருந்தது.

"இது வெளிநாட்டுல இப்பதான் பழக்கத்துக்கு வந்திருக்கு. மேல் படியில நிக்கறவன், தான் ஆசைப்பட்ட வாழ்க்கை முழுக்கக் கெடைச்சவன். அடிப்படியில நிக்கறவனுக்கு அதுல ஒன்னுமே இல்ல. நீங்க இப்ப எந்தப் படியிலன்னு கேக்கணும். அவுங்க சொல்றதை எழுதணும். அவ்வளவுதான்."

அது மைக்செட் வைத்த வண்டிகள் வரத் தொடங்கியிருந்த காலம். தகரக் குழாய்க்கு வேலை குறைந்துகொண்டு வந்தது. யூசுப் அந்த இடத்திலேயே சம்மதித்தான்.

சீட்டுக் குலுக்கி எடுத்த வீடுகளுக்கு மட்டும்தான் போக வேண்டும், பிடித்த வீடு பிடிக்காத வீடு என்று பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதை அவன் ஒழுங்காகச் செய்தான். சோனங்குப்பத்தில் பொன்னுரங்கம் என்ற மீனவர் மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் அட்டையை நீட்டினான்.

"நேத்தைக்கா, இன்னிக்கா?" என்று கேட்டார் பொன்னுரங்கம். "நேத்து வலை நெறஞ்சுது. ஏழு போடு. முந்தாநாள் கேட்டிருந்தா தண்ணிக்கு அடியிலன்னு சொல்லியிருப்பேன்."

"வலை நெறையற ஊருல ஏழு என்னாண்ணே ஏழு. எட்டு போட்டுக்கலாம்."

"சரி, போட்டுக்க."

கருவாடு விற்கிற இருசம்மாள் தன் வாசலில் உட்கார்ந்தபடியே ஏணியைப் பார்த்தாள். அடியிலிருந்து இரண்டாவது படியில் விரலை வைத்தாள். புருஷன் போய்விட்டான், மகன் நெய்வேலிக்கு வேலைக்குப் போனவன் திரும்பிப் பார்ப்பதில்லை. யூசுபுக்கு மனசு கேட்கவில்லை. கூடையிலிருந்த கருவாட்டையும், அதை வாங்க வருகிற பூனைகளையும், வாங்காமல் மோந்து பார்த்துவிட்டுப் போகிற பெரிய மனிதர்களையும் வைத்துக் கொஞ்ச நேரம் பேசினான். இருசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இப்ப சொல்லுங்க ஆயா, எந்தப் படி?" என்றான். "நீ வந்து பேசினியே, அதுக்கே ஆறு போட்டுக்கப்பா" என்றாள்.

ஆறு எழுதிக்கொண்டு கிளம்பியபோது அவனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. வீடு வீடாகப் போய் மனிதர்களை நாலு படி ஏற்றிவிடுகிற வேலை. இதைவிட நல்ல உத்தியோகம் இருக்குமா என்று நினைத்தான்.

ஒரு மாதம் கழித்துத் தில்லைநாதன் அவனைச் சிதம்பரத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். பாசஞ்சர் ரயிலில் போய் இறங்கினான். அவருடைய அறையில் இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு, தொங்கின மீசை, மடியில் மடித்து வைத்த துண்டு. சிதம்பரம் பக்கத்தில் கேள்வி கேட்கிறவர் அவர்தான் என்று தில்லைநாதன் அறிமுகப்படுத்தினார். பெயர் உத்திராபதி. கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஒரு சிக்கல்" என்றார் தில்லைநாதன். "குழாய், விளக்கு, சாக்கடை எல்லாத்துலயும் ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒன்னு. ஆனா ஏணியில மட்டும் கடலூர் எட்டாம் படிக்கிட்ட நிக்குது, சிதம்பரம் மூணுக்கு மேல ஏற மாட்டேங்குது. எனக்குப் புரியலை."

"எங்க ஊரு கடல் காத்து அப்படி சார்" என்றான் யூசுப்.

"எங்க ஊர்ல சனங்க கஷ்டப்படறாங்க சார்" என்றார் உத்திராபதி, தரையைப் பார்த்துக்கொண்டு.

தில்லைநாதன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வாரம் யூசுப் சிதம்பரத்திலும் உத்திராபதி கடலூரிலும் கேட்கட்டும் என்றார்.

ஒரே வாரம்தான். கீழவீதிக்குப் பின்னால் இருந்த சந்துகளில் யூசுப் நுழைந்து வந்த பிறகு சிதம்பரம் எட்டாம் படிக்கு ஏறிவிட்டது. உத்திராபதி போய் வந்த தெருக்களில் கடலூர் சரசரவென்று இறங்கி மூன்றில் நின்றது. தில்லைநாதன் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

"நான் ஊரை அளக்கலைய்யா. உங்க ரெண்டு பேரையும்தான் அளந்திருக்கேன்."

உத்திராபதிக்கு மனத்தாங்கலாகப் போயிற்று. "நான் ஒன்னுமே சொல்லல சார். கதவைத் தட்டினேன். பேரைக் கேட்டேன். அதுக்கே அழுவுறாங்க."

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் தட்டின கதவுகளில் ஜப்தி நோட்டீசும் சம்மனும்தான் கொடுத்திருக்கிறார். சிதம்பரத்தில் அவர் வாசலில் வந்து நின்றாலே வீட்டுக்குள் யாராவது ஒருத்தர் நகையை ஒளித்து வைப்பார்கள். கடலூரில் அவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குரலும் நிற்கிற தோரணையும் கூடவேதான் போயிருந்தன.

தில்லைநாதன் யாரையும் நிறுத்தவில்லை. உத்திராபதியிடம் கோட்டைக் கழற்றிவிட்டு, முதலில் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் பேச்சை ஆரம்பிக்கும்படி சொன்னார். யூசுபிடம் வேறு சொன்னார்.

"படத்தைக் காட்டுங்க. கேள்வியைக் கேளுங்க. அப்புறம் அவுங்களா பேசற வரைக்கும் நீங்க வாயைத் தொறக்கக் கூடாது."

"அவுங்க பேசவே இல்லேன்னா?"

"காத்திருங்க."

யூசுப் தலையைச் சொறிந்தான். "சார், அந்தக் கருவாட்டு ஆயா சிரிச்சிச்சு சார். நான் பாத்தேன். அது பொய்யா?"

"சிரிச்சது நெசம். ஆனா அந்த ஆறு உங்களுக்காகச் சொன்னது. அந்த அம்மாவோடது ரெண்டு. அதை நீங்க எழுதியிருந்தா, அந்தத் தெருவுல ஒரு கெழவி தனியாக் கெடக்கறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

திரும்பி வருகிற ரயிலில் யூசுப் யாரோடும் பேசவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த தேங்காய் வியாபாரி இரண்டு தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். கிள்ளையும் பரங்கிப்பேட்டையும் ஜன்னலுக்கு வெளியே போயின. ஊரில் எத்தனையோ பேர் அவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் அவனுக்காகச் சிரித்தார்கள் என்ற யோசனை அவனைக் குடைந்தது.

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. அவன் மனைவி சைதுன் பீவி கொல்லையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் மலிகா இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை.

"இந்தா புள்ள, ஒரு கேள்வி" என்று அட்டையை எடுத்தான் யூசுப். ஏணியைப் பற்றிச் சொன்னான். "நம்ம வூட்ல என்னா, எட்டா ஒம்பதா?"

"எட்டுன்னே வச்சுக்குங்க" என்றாள் அவள், மீனிலிருந்து தலை தூக்காமல்.

அவன் பேனாவை எடுக்கப் போனான். அப்போதுதான், தான் கேட்ட கேள்வி அவன் காதிலேயே திரும்ப விழுந்தது. எட்டா ஒன்பதா என்று அவன் கேட்டிருந்தான். அதற்குக் கீழே ஏழு படிகள் இருந்ததை அவன் சொல்லவே இல்லை.

அட்டையை அவள் பக்கத்தில் வைத்தான். குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். "நீ எந்தப் படியில நிக்கிறே?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

சைதுன் பீவி கொஞ்ச நேரம் மீனையே ஆய்ந்தாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"என்னா, ஒடம்பு சரியில்லையா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"ரயில்ல யாரோடவாவது சண்டையா?"

மறுபடியும் தலையாட்டினான். அவனுக்கு நாக்கின் நுனியில் பேச்சு வந்து நின்றது. விழுங்கிக்கொண்டான். காக்கை ஒன்று முருங்கையில் வந்து உட்கார்ந்து நெத்திலியைப் பார்த்தது. சைதுன் அதை விரட்டினாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு அட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"மூணு" என்றாள்.

நான் உனக்கு என்ன குறை வைத்தேன் என்று யூசுபுக்குள் ஒரு பிரசங்கமே கிளம்பியது. தில்லைநாதனை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தான்.

"சோத்துக்குக் கொறை இல்ல" என்றாள் அவள், மெதுவாக. "நீங்களும் நல்லவருதான். அதனாலதான் மூணு. எல்லாத்தையும் நீங்களே கொண்டாந்துடுறீங்க. மீனு, துணி, மல்லிப்பூ, ஊர்ச்சேதி. நான் போயி பாக்கறதுக்கு ஒன்னும் மிச்சம் வைக்கறதில்ல. மலிகா இஸ்கூல்ல கடலைப் பத்திப் பாடம் எழுதிச்சு. அம்மா, கடலு எப்படி இருக்கும்னு கேட்டுச்சு. நான் பாத்து எத்தினி வருசம் ஆவுது? இங்கேர்ந்து நடந்து போற தூரம். சத்தம் மட்டும் கேக்குது."

அவன் பேனாவை மூடி, அட்டையை எடுத்து உள்ளே வைத்தான்.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் கடற்கரைக்குப் போனார்கள். சைதுன் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள். அவ்வளவு வேகமாக அவள் நடப்பாள் என்று யூசுபுக்குத் தெரியாது. அலை காலில் பட்டதும் மலிகா கூச்சல் போட்டு ஓடினாள். சைதுன் நகரவில்லை. சேலைக் கரை நனைய நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வரும்போது கேட்டாள்:

"பொம்பளைங்ககிட்ட யாரு கேக்கறா இந்தக் கேள்வியை?"

யூசுப் கொஞ்சம் தயங்கினான். "ஆம்பளைங்க சொல்லுவாங்க. உள்ளேயும் அதே நம்பர்தான்னு எழுதிக்கச் சொல்லுவாங்க."

"நீங்களும் எட்டுன்னுதான் எழுதியிருப்பீங்க."

"ஆமா."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவள் சொன்னாள்: "நான் கேக்கறேன். எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன். எழுத்து நல்லா இருக்கும்."

தில்லைநாதன் இதைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பெண்களிடம் கேட்கப் பெண் வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே தேடிக்கொண்டிருந்தார். படித்த பெண்களின் வீடுகளில் தெருவில் அலைகிற வேலை என்று அனுப்ப மறுத்துவிட்டார்கள். "நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றார்.

ஆனால் நாளைக்கே நடக்கவில்லை. சைதுனின் அண்ணன் அப்துல் ஹக் கடைத்தெருவில் லுங்கிக் கடை வைத்திருந்தார். செய்தி அவர் காதுக்குப் போனதும் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தார்.

"என்னா மச்சான் இது" என்றார் யூசுபிடம். "நீ தெருத்தெருவாக் கத்தறது பத்தாதா? நம்ம வூட்டுப் பொம்பள போயி ஊரான் கதவைத் தட்டணுமா?"

யூசுப் பதில் சொல்ல வாய் திறந்தான். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து சைதுனின் குரல் வந்தது.

"கதவுக்கு அந்தாண்ட பொம்பளதானேண்ணே இருக்கா."

"நீ சும்மா இரு."

"சும்மாதான் இருந்தேன் இத்தினி நாளா."

அப்துல் ஹக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். சைதுன் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போனாள். மூன்றாம் வாரம், குலுக்கின சீட்டில் அப்துல் ஹக்கின் வீடே வந்து விழுந்தது. சீட்டில் வந்த வீட்டை விட முடியாது என்று தில்லைநாதன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். சைதுன் போனாள். அண்ணன் மனைவி ஜெய்னப் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். சாப்பாட்டுக்கு வந்த அப்துல் ஹக் வெளி அறையிலேயே உட்கார வேண்டியதாயிற்று. உள்ளேயிருந்து முதலில் சிரிப்புச் சத்தம் வந்தது. அப்புறம் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் அவரைக் கலக்கிவிட்டது.

சைதுன் வெளியே வந்ததும் எழுந்தார். "என்னா சொன்னா?"

"அதை வெளியில சொல்லக் கூடாதுண்ணே. ரூலு."

"நான் அவ புருசன்."

"அதனாலதான் கண்டிப்பாச் சொல்லக் கூடாது."

அவர் யூசுபைப் பிடித்துக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்தார், பலகாரம் வாங்கிக் கொடுத்தார். "எனக்கே தெரியாது மச்சான்" என்றான் யூசுப். அது சத்தியமான பேச்சு. சைதுன் அவனிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடம் நேராகக் கேட்க அப்துல் ஹக்குக்குத் துணிச்சல் வரவில்லை. அந்த மாதத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள் கடையைச் சீக்கிரம் சாத்தினார். ஜெய்னபை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் இருந்த அவள் தாய் வீட்டுக்குப் போய் வந்தார். எந்தப் படியில் இருந்தாளோ, அதிலிருந்து கொஞ்சம் ஏறியிருப்பாள் என்று அவருக்கு நம்பிக்கை. கதவு தட்டுகிற வேலையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

சிதம்பரத்துக்கும் சைதுன்தான் போனாள். முதல் நாள் யூசுப் துணைக்குப் போனான். அவள் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் மெல்ல வாய்விட்டுப் படித்தாள். இரண்டாம் வாரத்திலிருந்து, அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த ஒரு சொந்தக்காரப் பெண் கூட வந்தாள். சைதுன் யூசுபைப் பார்த்து, "நீங்க வந்தா பேச்சு நின்னு போயிடுது" என்று சொல்லி, வாசலோடு நிறுத்திவிட்டாள்.

அவள் வேலையில் ஒரு குறை இருந்தது. மெதுவாகச் செய்தாள். யூசுப் நாலு வீடு முடிக்கிற நேரத்தில் அவள் ஒரு வீட்டில் அரிசி புடைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள், அல்லது பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருப்பாள். தில்லைநாதன் கெடு வைத்தார், கடிந்துகொண்டார். பிறகு அவள் எழுதிக்கொண்டு வந்ததைப் படித்துவிட்டுக் கெடுவைத் தள்ளி வைத்தார்.

குமராட்சிப் பக்கத்து வயல் வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரத்தில் வந்து குடியேறியிருந்த ஒரு குடும்பம் இருந்தது. புருஷன் கோவிந்தசாமி ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன். அவன் ஏற்கெனவே யூசுபிடம் ஏழு என்று சொல்லியிருந்தான். அவன் மனைவி கொளஞ்சியம்மாள் தெருக்குழாயில் குடம் வைத்துவிட்டு நின்றபோது சைதுன் அவளோடு போய் நின்றாள். குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. வரிசை நீளமாக இருந்தது. அங்கேயே வைத்துத்தான் படத்தைக் காட்டினாள்.

கொளஞ்சியம்மாள் வெகுநேரம் பார்த்தாள். "இதுல நான் இல்லம்மா" என்றாள்.

சைதுன் காத்திருந்தாள்.

"அவரு ஏறணும். புள்ளைங்க ஏறணும். நான் கீழ நின்னு ஏணியப் புடிச்சிகினு இருக்கேன். வுட்டா வுழுந்துடும்ல."

சைதுனுக்கு என்ன எண் போடுவதென்று தெரியவில்லை. வெறுமனே விட்டுவிட்டு, அவள் சொன்னதை ஓரத்தில் அப்படியே எழுதினாள். தில்லைநாதன் அதைப் படித்துவிட்டு எதிரே இருந்த உத்திராபதியிடம் நீட்டினார். உத்திராபதி படித்தார். மறுபடியும் படித்தார். மடியிலிருந்த துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எண் வேணாம்" என்றார் தில்லைநாதன். "இது இப்படியே இருக்கட்டும்."

வருஷக் கடைசியில், இரண்டு ஊர்க் கவுன்சிலர்களையும் கூப்பிட்டுத் தில்லைநாதன் ஆராய்ச்சியின் முடிவைச் சொன்னார். கூட்டம் கடலூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. கூட்டத்துக்கு ஆள் கூப்பிட்டு வண்டியில் போனவன் யூசுப்தான். பின் வரிசையில் சைதுனும் ஜெய்னபும் துப்பட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். சிதம்பரத்துக்காரர்கள் ரயிலில் வந்து இறங்கி, தங்கள் ஊர்தான் மேலே இருக்கும் என்ற முகத்தோடு முன் வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். முதுநகரில் ஒரு வார்டுக்குக் கவுன்சிலரான சிங்காரம், வெற்றிச் செய்தி வந்தால் வெடிக்கலாம் என்று வேட்டுக்கட்டு ஒன்றை வாங்கி நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தார்.

தில்லைநாதன் குழாய், விளக்கு, சாக்கடை, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றில் சிதம்பரம் கொஞ்சம் மேல், ஒன்றில் கடலூர் கொஞ்சம் மேல். கடைசியில், சரியாகக் கேட்டுப் பார்த்தபோது இரண்டு ஊரும் ஏணியில் ஐந்தாம் படியை ஒட்டித்தான் நின்றன.

சிங்காரத்துக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றார். "அதெல்லாம் இருக்கட்டும் சார். யாரு ஜெயிச்சது?"

"ஆம்பளைங்க" என்றார் தில்லைநாதன். "ரெண்டு ஊர்லயும். பெண்கள் ரெண்டு படி கீழ நிக்கறாங்க."

ஹாலில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிப்பு அடங்கும் வரைக்கும் நின்றார். பிறகு கொளஞ்சியம்மாள் குழாயடியில் சொன்னதை, பெயரும் தெருவும் சொல்லாமல், வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. எத்தனை வீட்டுப் பெண்கள் விடியுமுன்னே குடத்தோடு போய் நிற்கிறார்கள், எத்தனை பேர் கக்கூஸ் இல்லாமல் இருட்டுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள், பிரசவத்துக்கு எப்படிப் போகிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார். சைதுன் கேட்டு எழுதினதுதான் அத்தனையும். பின் வரிசையில் ஜெய்னப் அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஒரே நாளில் ஊர் மாறிவிடவில்லை. சிதம்பரத்தில் சில சந்துகளில் குழாய்த் தண்ணீர் விடுகிற நேரத்தை விடிந்த பிறகு என்று மாற்றினார்கள். முதுநகரில் பெண்களுக்கென்று ஒரு கக்கூஸ் கட்ட இடம் தேடி, கட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, மறுபடி கட்டினார்கள். அதற்குச் சிங்காரம்தான் ஓயாமல் நச்சரித்தார். வேட்டுக்கட்டை அதன் திறப்பு விழாவில் வெடித்தார். இப்படிப்பட்ட கட்டடத்துக்கு வேட்டு எதற்கு என்று கேட்டவர்களிடம், "ஜெயிச்சதுக்கு" என்று மட்டும் சொன்னார்.

இருசம்மாளின் வீட்டுக்கு யூசுப் மறுபடியும் போனான். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு கேட்டான், இரண்டு என்றே எழுதினான். எழுதி முடித்த பிறகுதான் கருவாட்டுப் பூனையைப் பற்றிப் பேச்சை எடுத்தான். அவள் சிரித்தாள். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தோறும், விளம்பர வண்டியை அந்த வாசலில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் போனான்.

தில்லைநாதனுக்கு வேறு வேலைகள் வந்தன. பண்ருட்டி, விருத்தாசலம், நெல்லிக்குப்பம் என்று எங்கே வீடு வீடாகக் கேட்க வேண்டியிருந்தாலும் சைதுன் பீவிக்குச் சொல்லி அனுப்பினார். அவள் போனாள். மலிகா கொஞ்சம் வளர்ந்த பிறகு லீவு நாளில் அவளும் கூடப் போனாள். அவர்கள் வெளியூர் போகும் நாட்களில் யூசுப் சமைத்தான். முதல் வருஷம் மீன் குழம்பு வாயில் வைக்க முடியாமல் இருந்தது. அறுபத்து ஏழில் அப்துல் ஹக்கே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டது.

அந்த வருஷம் ஐப்பசியில் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்து வடிந்த பிறகு, குமராட்சிப் பக்கத்துக் கிராமங்களில் கேட்டுவிட்டு சைதுனும் மலிகாவும் சாயங்கால ரயிலில் வந்து இறங்கினார்கள். முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்திருந்தது. கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்ததுமே சைதுன் ஆரம்பித்துவிட்டாள். ஒரு ஊருக்குப் போகப் பாலம் இல்லை, படகில்தான் போக வேண்டியிருந்தது. படகில் ஏறப் போனால் முன்னாலேயே ஒரு எருமை ஏறி நிற்கிறது. எருமையைப் படகில் ஏற்றாதே என்று இவர்கள் சொல்ல, அது இறங்கினால்தானே என்று படகுக்காரன் சொல்ல, எருமைக்குச் சொந்தக்காரி எருமை போகாவிட்டால் தானும் வர மாட்டேன், நீங்கள் கேட்கிற கேள்விக்குப் பதிலும் சொல்ல மாட்டேன் என்று கரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

மலிகா இடையில் இடையில் சேர்த்துச் சொன்னாள். யூசுப் குழம்பு ஊற்றினான்.

"அப்புறம்?" என்றான்.